புல் வளர்த்த கைகள்

தரமணியில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் பின்புறம் ஒரு டென்னிஸ் களம் உண்டு. நீலப் பூச்சு, வெள்ளைக் கோடுகள், நான்கு புறமும் கம்பிவலை. எவ்வளவு மழை பெய்தாலும் ஓய்ந்த சற்று நேரத்தில் காய்ந்துவிடும். கோடையில் பிற்பகல் இரண்டு மணிக்கு அதில் வெறுங்காலோடு நிற்க முடியாது. யாரும் அதைப் பெருக்குவதுகூட இல்லை, காற்றே பெருக்கிவிடுகிறது. தினமும் மாலையில் அங்கே ஒரு பதின்மூன்று வயதுப் பெண் பயிற்சி செய்வாள். பந்து அவளுடைய மட்டையில் படும் ஓசை என் படிக்கும் அறைவரை கேட்கும்.

சென்ற மாதம் வெளியூரில், மண் தரையில் நடந்த ஒரு போட்டிக்குப் போய், வழக்கமாகத் தான் எளிதில் வெல்லும் ஒரு பெண்ணிடம் தோற்றுத் திரும்பியிருந்தாள். மின்தூக்கியில் அவளுடைய தந்தையைப் பார்த்தபோது, "மண்ணுல நம்ம பசங்களுக்கு வராது சார். ரத்தத்துலயே கிடையாது. நமக்கு எப்பவும் டச் ஆட்டம்தான். கிருஷ்ணனைப் பாருங்க, ரமேஷைப் பாருங்க" என்றார். அவருடைய குரலில் வருத்தமும் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது. நான் ஆறாவது மாடியில் இறங்கவேண்டியிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நினைத்ததுதான் இந்தக் கட்டுரை.

ரத்தம் என்ற சொல்தான் என்னை உறுத்தியது. நம் சங்கீதத்தைப் பற்றி, நம் கணக்குப் புலமையைப் பற்றி எல்லாம் இப்படித்தான் பேசுகிறோம். டென்னிசைப் பொறுத்தவரை விடை ரத்தத்தில் இல்லை, காலுக்குக் கீழே இருக்கிறது என்பது என் எண்ணம். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, தெய்வம், உணவு, தொழில், பறை எல்லாவற்றையும் அதற்குப் பின்னால் வரும் கருப்பொருளாக்கினார். டென்னிசை எழுத வந்தவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆட்டக்காரனின் குணத்தில் தொடங்கி, தரையை ஒரு அடிக்குறிப்பாக ஆக்கிவிடுகிறார்கள்.

முதலில் தரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டென்னிஸ் பந்து தரையைத் தொட்டு எழும்பும் நேரம் ஏறத்தாழ ஐந்து மில்லி நொடிதான். அந்த இமைப்பொழுதில் தரை பந்திடம் இரண்டு காரியங்களைச் செய்கிறது. ஒன்று, அதன் அடிப்பாகத்தைப் பிடித்து இழுத்து முன்னோக்கிய வேகத்தைக் குறைக்கிறது. மற்றொன்று, அதை மேலே திருப்பி அனுப்புகிறது. புல்லின் இதழ் வழுக்கும். ஆகவே பிடி குறைவு. பந்து தாழ்வாகச் சீறிக்கொண்டு போகும். செங்கல்தூள் பரப்பிய மண்ணிலோ பந்து தூளில் புதைந்து, தனக்கு முன்னால் ஒரு சிறு மேட்டை ஒதுக்கி, அதில் ஏறிக்கொள்வதைப்போல எழும்பும். வேகம் குறைந்து உயரம் கூடும். ஆட்டக்காரனுக்கு அரை நொடியிலும் குறைவான கூடுதல் நேரம்தான் கிடைக்கிறது. ஆனால் டென்னிசில் அது ஒரு யுகம். புல்லில் எட்டாமல் போயிருக்கும் பந்து மண்ணில் எட்டிவிடும். எட்டிவிட்டால் ஆட்டம் நீளும். நீண்டால் பொறுமையும் தொடைவலுவும் உள்ளவன் வெல்வான்.

கடினத்தரை என்று நாம் சொல்லும் மூன்றாவது வகை, காரைத் தரையின் மீதோ தார்த் தரையின் மீதோ பல அடுக்குகளாக அக்ரிலிக் வண்ணம் பூசுவது. அந்த வண்ணத்தில் மணல் கலக்கிறார்கள். மணல் கூடினால் தரை மெதுவாகும், குறைந்தால் வேகமாகும். எங்கள் அடுக்ககக் களத்துக்குப் பூச்சு பூச வந்தவர்கள் எவ்வளவு மணல் கலந்தார்கள் என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு இதையெல்லாம் அளந்து, மெதுவானது முதல் வேகமானது வரை தரைகளை ஐந்து வகைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது.

புல்லுக்கு இன்னொரு குணம் உண்டு. அதுதான் நம் கதைக்கு முக்கியம். அது ஒரே சீராக இராது. ஓரிடத்தில் அடர்ந்திருக்கும், ஓரிடத்தில் தேய்ந்திருக்கும், வேர்முடிச்சில் பட்ட பந்து எங்கு திரும்பும் என்று பந்துக்கே தெரியாது. தரையை நம்ப முடியாதவன் என்ன செய்வான்? பந்தைத் தரையில் விழவிடாமலே அடித்துவிடப் பார்ப்பான். சர்வீஸ் போட்ட கையோடு வலைக்கு ஓடி, பந்தை அந்தரத்திலேயே வெட்டுவது, அதாவது வாலி ஆட்டம், வீரத்தால் மட்டும் பிறந்ததல்ல. தரையின் மீதான அவநம்பிக்கையாலும் பிறந்தது. அதுவும் முடியாதபோது, பந்து தரையைத் தொட்டு எழுந்த மறுகணமே, அது எந்தப் பக்கம் துள்ளலாம் என்று முடிவெடுப்பதற்குள், மட்டையை வைத்துவிட வேண்டும். அதுதான் அரைவாலி.

வாலி என்றதும் கம்பனை நினைக்கக்கூடாதுதான். ஆனாலும் எதிரில் நிற்பவனின் வலிமையில் பாதி தன்னிடம் வந்துசேரும் என்று வரம் பெற்ற அந்த வாலியை நினைக்காமல் என்னால் ராமநாதன் கிருஷ்ணனின் ஆட்டத்தைப் பற்றி எழுத முடியவில்லை. அவருடைய சர்வீஸ் மென்மையானது. எதிராளியை வெறும் பலத்தால் வீழ்த்தும் அடி எதுவும் அவரிடம் இருந்ததில்லை. வருகிற பந்தின் வேகத்தையே கடனாக வாங்கி, கோணத்தை மட்டும் மாற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவரும் மகன் ரமேஷும் சேர்ந்து 1999இல் வெளியிட்ட நூலுக்குக்கூட 'எ டச் ஆஃப் டென்னிஸ்' என்றுதான் பெயர்.

1937இல் பிறந்த கிருஷ்ணனுக்கு ஆசான் அவருடைய தந்தை டி. கே. ராமநாதன். பதின்மூன்று வயதில், கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமான பெர்ட்ரம் போட்டியில் ஆட லயோலா கல்லூரி முதல்வரிடம் சிறப்பு அனுமதி பெற்று, 1951இல் அதை வென்றவர். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் ஆனார்; இறுதி ஆட்டத்தில் அவர் வென்றது ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை. 1959இல் பாஸ்டன் அருகே லாங்வுட்டில் நடந்த டேவிஸ் கோப்பைப் போட்டியில் ராட் லேவரை வீழ்த்தினார். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி. முதல் முறை நீல் ஃப்ரேசரிடம் தோற்றார், மறுமுறை லேவரிடம். இருவருமே அந்தந்த ஆண்டின் பட்டத்தை வென்றவர்கள். 1961இல் காலிறுதியில் ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என்று நேர் செட்களில் வென்றதை நினைத்துப் பார்க்கவேண்டும். எமர்சன் ஓட்டத்திலும் உடல்வலுவிலும் அந்தக் காலத்தில் எவருக்கும் இளைக்காதவர். 1962இல் நான்காவது தரவரிசையோடு விம்பிள்டனில் நுழைந்தவர் கணுக்கால் காயத்தால் விலகினார். இவை எல்லாம் நடந்தது புல்லில்.

இதில் வியப்பதற்கு அதிகமில்லை. 1974 வரை உலகின் நான்கு பெரும் போட்டிகளில் மூன்று புல்லில்தான் நடந்தன. ஆஸ்திரேலியா, விம்பிள்டன், நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் மூன்றும் புல். பாரிஸ் மட்டுமே மண். விளையாட்டின் பெயரே புல்தரை டென்னிஸ். 1874இல் வால்டர் விங்ஃபீல்ட் காப்புரிமை பெற்ற ஆட்டம் ஆங்கிலேயர் வீட்டுத் தோட்டத்துப் புல்வெளிக்கானது. அவர்கள் எங்கு ஆளப்போனார்களோ அங்கெல்லாம் கிளப்பும் புல்வெளியும் போயின. சென்னையில் ஜிம்கானா கிளப் 1884இல் தொடங்கப்பட்டது. கல்கத்தாவின் சவுத் கிளப் 1920இல். அதே 1920இல் பிறந்த இந்தியச் சங்கமும் தன் பெயரில் புல்தரையை வைத்துக்கொண்டது. வெயிலும் வறட்சியும் மிகுந்த ஒரு நகரத்தில், குடிநீருக்குக் குடம் சுமந்த காலத்தில், ஆங்கிலேய வானிலைக்குரிய ஒரு பயிரைத் தண்ணீர் விட்டு வளர்த்தார்கள்.

கிளப்புக்கு வெளியே வேறு டென்னிஸ் நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். பள்ளிகளிலும், அலுவலர் குடியிருப்புகளிலும், மாவட்டத் தலைநகரங்களிலும் இறுக்கிய மண் தரைதான். பல இடங்களில் வீட்டு வாசலைப்போலச் சாணம் மெழுகிய தரையும் இருந்தது. ஆனால் அந்த மண் பாரிஸ் மண் அன்று. பாரிசில் இருப்பது செங்கல்லைப் பொடித்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத் தூவிய மேற்பரப்பு. அதன் கீழே சுண்ணாம்புக்கல், கரித்தூள், சரளை என்று அடுக்குகள். நம்முடையது காய்ந்து கெட்டிப்பட்ட களம். அதில் சறுக்க முடியாது, சறுக்கினால் முழங்கால் போய்விடும். ஐரோப்பிய மண் ஆட்டத்தின் உயிரே சறுக்கலில் இருக்கிறது. ஓடிவந்து நின்று அடிப்பதில்லை. சறுக்கிக்கொண்டே அடித்து, சறுக்கல் முடியும் இடத்திலிருந்து திரும்பி ஓடத் தொடங்குவது. இது சின்ன வயதிலேயே கணுக்காலில் ஏறவேண்டிய கல்வி.

கானகம் பகுதியில் வசிக்கும் ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். நகரத்தின் ஒரு கிளப்பில் நீண்ட காலம் புல்தரையைப் பராமரித்தவர். தேநீர்க்கடைப் பழக்கம். என்னைத் தம்பி என்று கூப்பிடுவார். எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது என்பதை அவர் ஏற்றுக்கொள்வதில்லை. மாலையில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், விடியலில் உருளை ஓட்ட வேண்டும், புல்லில் ஈரம் இருக்கும்போது சுண்ணாம்புக் கோடு போடக்கூடாது, பரவிவிடும் என்பார். தரை ஆட்டத்துக்குத் தயாரா என்று குதிகாலால் மிதித்துப் பார்ப்பாராம். குதிகால் பதிந்தால் பந்து செத்துப்போகும். பதியாமல் ஓசை கேட்டால் சரி. "மேல இருக்கறது புல்லு தம்பி, ஆனா பந்தைத் தூக்கறது கீழ இருக்கற மண்ணு" என்றார் ஒருநாள். பின்னர் படித்துப் பார்த்தபோது தரை ஆராய்ச்சி செய்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள் என்று தெரிந்தது. விம்பிள்டனில் முதல் வாரம் பந்து வழுக்கிக்கொண்டு போவதும், இரண்டாம் வாரம் பின்கோட்டருகே புல் தேய்ந்து மண் கெட்டியானதும் பந்து உயர எழுவதும் இதனால்தான்.

கிருஷ்ணனுக்குப் பின் வந்த விஜய் அமிர்தராஜ் 1953இல் சென்னையில் பிறந்தவர். உயரமானவர், சர்வீசும் வாலியும் அவருடைய ஆயுதங்கள். டச் ஆட்டம்தான் நம் ரத்தம் என்பவர்கள் இவரை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை. 1973இல் விம்பிள்டன் காலிறுதி, அதே ஆண்டு ஃபாரஸ்ட் ஹில்சில் லேவரை வென்று காலிறுதி. 1974இல் அதே ஃபாரஸ்ட் ஹில்ஸ் புல்லில், அந்த ஆண்டு பாரிசில் பட்டம் வென்று வந்திருந்த பியான் போர்க்கை இரண்டாம் சுற்றில் வெளியேற்றினார். 1981இல் மீண்டும் விம்பிள்டன் காலிறுதி. ஜிம்மி கானர்சிடம் இரண்டு செட் முன்னிலை பெற்றுத் தோற்றார். பாரிசிலோ அவர் ஒருமுறைகூடக் காலிறுதியை எட்டியதில்லை.

அவர் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோதே உலகம் தரையை மாற்றத் தொடங்கிவிட்டது. 1975இல் ஃபாரஸ்ட் ஹில்ஸ் புல்லைப் பெயர்த்துவிட்டுப் பச்சைநிற மண் போட்டது. 1977இல் சர்வதேசக் கூட்டமைப்பு தன் பெயரிலிருந்து புல்தரையை நீக்கிக்கொண்டது. 1978இல் அமெரிக்கப் போட்டி ஃபிளஷிங் மெடோசின் கடினத்தரைக்குக் குடிபெயர்ந்தது. 1988இல் ஆஸ்திரேலியாவும் புல்லைக் கைவிட்டு ரீபவுண்ட் ஏஸ் என்ற செயற்கைத் தரைக்குப் போயிற்று. பதினான்கே ஆண்டுகளில் மூன்று புல்தரைகளில் ஒன்றே மிஞ்சியது. காரணம் எளிது. புல்லை ஆண்டில் சில வாரங்கள்தான் ஆடலாம், பராமரிக்க ஆள் வேண்டும், தொலைக்காட்சியில் ஆட்டம் இரண்டு அடியில் முடிந்துவிடுகிறது. சதி ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நாட்டின் கைப்பழக்கம் முழுவதும் ஒரு தரையை நம்பி வளர்ந்திருக்கும்போது இது சிறிய செய்தியும் இல்லை.

1987ஆம் ஆண்டின் டேவிஸ் கோப்பையைப்போல இதை வெளிச்சமிட்டுக் காட்டுவது வேறொன்றில்லை. அந்தப் போட்டியில் யார் மண்ணில் நடக்கிறதோ அவர் தரையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். போர்க்களத்தைத் தேர்வு செய்யும் உரிமை, சட்டப்படி. மார்ச்சில் அர்ஜென்டினா டெல்லிக்கு வந்தது. அவர்கள் மண்ணில் பிறந்து மண்ணில் வளர்ந்தவர்கள். இந்தியா புல்லைக் கொடுத்தது. அப்படியும் மார்ட்டின் ஹைத்தே, 33 வயது விஜய் அமிர்தராஜை இரண்டு செட் பின்னுக்குத் தள்ளி, ஆட்டத்தை முடிக்கும் புள்ளிவரை வந்துவிட்டார். விஜய் அதிலிருந்து மீண்டு ஐந்து செட்களில் வென்றார். இந்தியா 3-2. அடுத்து டெல்லிப் புல்லில் இஸ்ரேல் வீழ்ந்தது. அரையிறுதி சிட்னியில். ஆஸ்திரேலியர்களும் புல்லின் பிள்ளைகள். தங்கள் புல்லிலேயே ஆடலாம் என்று நினைத்தார்கள். ரமேஷ் கிருஷ்ணன் முதல் நாள் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டையும், முடிவைத் தீர்மானித்த ஐந்தாவது ஆட்டத்தில் வாலி மசூரையும் வென்றார். இதுவும் 3-2.

இறுதிப் போட்டி டிசம்பரில், சுவீடனின் கோத்தன்பர்க் நகரில். வெளியே குளிர்காலம். ஸ்காண்டிநேவியம் என்ற உள்ளரங்கில் சுவீடன்காரர்கள் மண் தரை அமைத்தார்கள். பனிநாட்டில், கூரைக்குக் கீழே, மண்ணைக் கொண்டுவந்து பரப்பி ஆடுவது இயற்கையின் தேர்வாக இருக்க முடியாது. எதிரணியைப் பார்த்துச் செய்த தேர்வு. மாட்ஸ் விலாண்டர் அதற்குள் இருமுறை பாரிசை வென்றவர். ரமேஷ் விலாண்டரிடமும், விஜய் ஆண்டர்ஸ் யாரிடிடமும், விஜய்யும் ஆனந்தும் சேர்ந்து ஆடிய இரட்டையர் ஆட்டத்தில் விலாண்டர், யோவாகிம் நிஸ்ட்ரோம் இணையிடமும் தோற்றார்கள். 5-0. அப்போது நான் அடையாற்றில் பள்ளி மாணவன். மறுநாள் நாளிதழைப் படித்துவிட்டு என் மாமா, "நம்ம ஆளுங்களுக்குத் தெம்பு போதாதுடா" என்றார். தெம்பு என்ற அந்தச் சொல்தான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகியும் மின்தூக்கியில் ரத்தமாக மாறி வந்திருக்கிறது.

இதற்கு எதிர்வாதம் ஒன்றை நானே எழுப்பிக்கொள்கிறேன். அதே விலாண்டர் 1989 ஜனவரியில் மெல்போர்னுக்கு வந்தார்; உலகின் முதல்நிலை ஆட்டக்காரராக, நடப்புச் சாம்பியனாக. இரண்டாம் சுற்றில் அவர் எதிர்கொண்டது ரமேஷ் கிருஷ்ணனை. ரமேஷ் 6-3, 6-2, 7-6 என்று நேர் செட்களில் வென்றார். கோத்தன்பர்க்குக்குப் பதின்மூன்று மாதங்களுக்குப் பின், அதே இருவர். மாறியிருந்த முக்கியமான பொருள் தரை. மெல்போர்னின் ரீபவுண்ட் ஏஸ் புல்லும் அல்ல, மண்ணும் அல்ல. ஆனால் துள்ளல் ஒரே சீராக இருந்த தரை. ரமேஷ் பந்தை முன்கூட்டியே எடுத்து ஆடுபவர். துள்ளலை நம்பலாம் என்றால் அவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அமெரிக்க ஓப்பனின் கடினத்தரையிலும் அவர் 1981, 1987 என்று இருமுறை காலிறுதி வரை போயிருக்கிறார். புல்லில் பழகிய கை கடினத்தரையைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

அது மட்டுமல்ல. 1979இல் இளையோருக்கான விம்பிள்டனையும் பிரெஞ்சுப் பட்டத்தையும் ஒரே ஆண்டில் வென்றவர் ரமேஷ். 1982இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மண் தரையில் பட்டம் வென்றார். 'மண் நமக்கு வராது' என்பதை மறுக்க வேறு யாரையும் தேடவேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் உதாரணம் காட்டிய அதே ரமேஷே போதும். 1993இல் நடந்தது இன்னும் சுவையானது. லியாண்டர் பயசும் அவரும் அடங்கிய இந்திய அணியை ஃபிரான்சு தெற்குக் கடற்கரையில் உள்ள ஃப்ரேஜூஸ் நகரத்து மண்ணுக்கு வரவழைத்தது. ஹென்றி லெகோந்த், அர்னோ போட்ஷ் போன்றவர்கள் இருந்த அணி. இந்தியா 3-2 என்று வென்றது. பயஸ் கல்கத்தாக்காரர் என்றாலும், அமிர்தராஜ் குடும்பம் சென்னையில் நடத்திய பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர். அடுத்து அரையிறுதி. ஆஸ்திரேலியா சண்டிகருக்கு வந்தது. வழக்கம்போல நாம் நம் புல்லைக் கொடுத்தோம். 0-5 என்று தோற்றோம்!

ஆக, தரைதான் எல்லாம் என்று சொல்ல நான் வரவில்லை. இங்கே நுங்கம்பாக்கத்திலேயே, 2008 ஜனவரியில், ரஃபேல் நடால் மிகாயில் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று இறுதி ஆட்டத்தைத் தோற்றார். மண்ணின் மன்னன் கடினத்தரையில் திணறினான் என்று தலைப்பிட்டுவிடலாம். முதல் நாள் அரையிறுதியில் கார்லோஸ் மோயாவுடன் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம், மூன்று செட்டும் டைபிரேக்கர் வரை ஆடியவர் அவர். மறுநாள் கால் நகரவில்லை. அதே ஆண்டில் அவர் பாரிசையும் வென்றார், விம்பிள்டனையும் வென்றார். அலுப்பு எந்தத் தரையிலும் அலுப்புதான்.

நான் சொல்ல வருவது வேறு. ஒரு தரை, தலைமுறை தலைமுறையாக எந்தப் பழக்கங்களுக்குப் பரிசு கொடுக்கிறதோ அந்தப் பழக்கங்கள் தங்கிவிடுகின்றன. பிறகு அவற்றை நாம் இனத்தின் குணம் என்று அழைக்கிறோம். மென்மை நம் குணம் அன்று. தாழ்வாக வழுக்கி வரும் பந்துக்கு மணிக்கட்டு கற்றுக்கொண்ட பாடம் அது. சுவீடன்காரர்களின் பொறுமையும் அவர்களுடைய குணம் அன்று. அந்த நாட்டிலேயே விலாண்டருக்கு அடுத்து வந்த ஸ்டெஃபான் எட்பெர்க் சர்வீஸ் போட்டு வலைக்கு ஓடுபவராக இருந்தார் என்பதை நினைவில் கொள்ளலாம்.

நுங்கம்பாக்கம் களம் 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்டது. கடினத்தரை. 1997 முதல் 2017 வரை சென்னை ஓப்பன் அங்கே நடந்தது. பிறகு புனேக்குப் போய்விட்டது. பேட்ரிக் ராஃப்டர், மோயா, மரின் சிலிச், வாவ்ரிங்கா எல்லாம் அங்கே பட்டம் வென்றவர்கள். ஏன் கடினத்தரை? போட்டி ஜனவரி முதல் வாரம். அடுத்து ஆஸ்திரேலிய ஓப்பன். சென்னையில் ஆட வருபவன் மெல்போர்னுக்குக் காலைத் தயார் செய்துகொள்ள வருகிறான். மெல்போர்ன் புல்லாகவே இருந்திருந்தால் ஒருவேளை நாமும் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருப்போமோ என்னவோ. முன்பு லண்டனைப் பார்த்துத் தரை போட்டோம், பிறகு மெல்போர்னைப் பார்த்துத் தரை போட்டோம். எங்கள் அடுக்ககத்து நீலப் பூச்சும் அந்த வழியாக வந்ததுதான்.

இதன் விளைவு 2019 பிப்ரவரியில் தெரிந்தது. டேவிஸ் கோப்பைக்கு இத்தாலி கல்கத்தா வந்தபோது இந்தியா பழைய உத்தியையே கையிலெடுத்து, சவுத் கிளப் புல்லைக் கொடுத்தது. ஒற்றையர் ஆட்டங்களில் இறங்கியவர்கள் ராம்குமார் ராமநாதன், பிரஜ்னேஷ் குணேஸ்வரன். இருவரும் சென்னைப் பிள்ளைகள். எதிரே ஆண்ட்ரியாஸ் செப்பி, மத்தேயோ பெர்ரெட்டினி. இரட்டையர் ஆட்டத்தைத் தவிர மற்ற மூன்றையும் இத்தாலி வென்றது, 3-1. பாட்டன் சொத்தென்று நாம் நினைத்திருந்த புல்லில் நம் பிள்ளைகள் அதற்குள் விருந்தாளிகள் ஆகிவிட்டிருந்தார்கள். ஆண்டு முழுவதும் கடினத்தரையில் ஆடுபவர்களுக்கு, சொந்த நாட்டுப் புல் மட்டும் எப்படிப் பழகியிருக்கும்? (2022 மார்ச்சில் டெல்லி ஜிம்கானா புல்லில் டென்மார்க்கை 4-0 என்று வென்றோம் என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.)

புல்லும் பழைய புல்லாக இல்லை. விம்பிள்டனில் 2001 முதல் முழுக்க முழுக்க ரை என்ற ஒரே வகைப் புல்லைப் போடுகிறார்கள். முன்பு முப்பது விழுக்காடு ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல் கலந்திருக்கும். தேய்மானத்தைத் தாங்குவதற்காகச் செய்த மாற்றம் அது. துள்ளல் இப்போது உயரமாகவும் சீராகவும் இருக்கிறது என்று ஆடுபவர்கள் சொல்கிறார்கள். 2002 இறுதி ஆட்டத்தில் மோதிய லெய்டன் ஹெவிட், டேவிட் நல்பாந்தியான் இருவருமே பின்கோட்டில் நின்று ஆடுபவர்கள். கிருஷ்ணன் அரைவாலி கற்ற தரை இப்போது விம்பிள்டனிலும் இல்லை.

ராம்குமார் ராமநாதனைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். 1994இல் சென்னையில் பிறந்தவர், பயிற்சிக்காகப் போனது பார்சலோனாவுக்கு. மண் ஆட்டத்தின் தலைநகரம் என்றே சொல்லலாம். அங்கே கற்றவர் 2017இல் துருக்கியின் அண்டல்யாவில் டொமினிக் தீமை வீழ்த்தியதும், 2018இல் நியூபோர்ட் இறுதி ஆட்டம் வரை சென்றதும் புல்லில். சர்வீஸ், வாலி, வலைக்கு ஓட்டம். மண்ணில் கால் பழகியவனின் கை புல்லில் போய் நின்றது எப்படி என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். என் விளக்கத்துக்கு முழுமையாக அடங்காத ஆட்டக்காரர் அவர். விட்டுவிடுகிறேன்.

தமிழில் கிரிக்கெட்டுக்கு சுஜாதாவின் 'நிலா நிழல்' இருக்கிறது. டென்னிசுக்கு அப்படி ஒரு நாவல் எனக்கு நினைவில்லை. யாராவது எழுதினால் கானகத்துப் பெரியவரின் குதிகாலில் தொடங்கலாம்.

நேற்று மாலை பக்கத்து வீட்டுப் பெண்ணும் அவளுடைய தந்தையும் களத்தருகே நின்றிருந்தார்கள். நான் ரமேஷின் 1979ஐயும் ஸ்டுட்கார்ட்டையும் சொன்னேன். தந்தை, "அப்படியா சார்?" என்றார். பெண் மட்டும், "அங்கிள், சறுக்கறதுக்கு எங்க ப்ராக்டிஸ் பண்றது?" என்று கேட்டாள். இந்த நீலத்தரையில் சறுக்கினால் காலணி பிடித்துக்கொண்டு கணுக்கால் திரும்பிவிடும். தூள் தூவிய மண் களம் நகரத்தில் எங்கே இருக்கிறது, வாரத்தில் ஒருநாளாவது வெளியாட்களை விடுவார்களா என்று விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். பெரியவரைத்தான் கேட்கவேண்டும். அவளுக்கு அடுத்த மண் தரைப் போட்டி இன்னும் ஆறு வாரத்தில்.